மனுப் பார்க்க வருகிறவர்களுக்கு

வீட்டில் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் ரிமாண்ட் செய்துவிட்டால், குடும்பத்தார் என்னிடம் வந்து கேட்கும் முதல் கேள்வி, "உள்ள போட்டு அடிப்பாங்களா சார்?" இரண்டாவது கேள்வி, "யாரப் பாத்தா காரியம் நடக்கும்ங்க?"

சேலம் அம்மாபேட்டையில் நான் குடியிருக்கும் தெருவில் பாதிப் பேர் தறிக்காரர்கள். எண்பதுகளின் நடுவில் சிறைத் துறையில் காவலராகச் சேர்ந்து, ஜெயிலராக ஓய்வு பெற்றவன் நான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ உறவுமுறை சொல்லிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். இரண்டு கேள்விக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். உள்ளே இருப்பவருக்கு என்னென்ன சேர வேண்டும், எதைச் செய்தால் எது பறிபோகும் என்பதெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு, வெள்ளைத்தாளில் எழுதிக் கேளுங்கள். அதையே விலைக்கு விற்கிறவன்தான் சிறை வாசலில் டீக்கடை ஓரமாக நிற்கும் புரோக்கர்.

இங்கே நான் சொல்லும் சம்பவங்கள் பல ஊர்ச் சிறைகளில் நடந்தவை. ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று கௌரவமாக வாழ்கிறார்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் பெரிய கேட்டுக்குள் நுழைந்ததும் முதலில் வாரண்டைச் சரிபார்ப்போம். உடம்பில் உள்ள அங்க அடையாளங்கள், கையில் இருக்கும் பொருள்கள் எல்லாம் பதிவேட்டில் ஏறும். டாக்டர் பார்ப்பார். அந்த டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டேஷனில் அடி வாங்கியிருந்தால் அந்தக் காயம் அன்றைக்கே எழுத்தில் ஏறினால்தான் பின்னால் எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்" என்று பயத்தில் சொல்லிவிட்டு, ஒரு மாதம் கழித்து வக்கீலிடம் அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட்டும் "போலீஸ் மீது புகார் உண்டா" என்று கேட்பார். குடும்பத்தார் அங்கே நிற்க முடிந்தால் பையனுக்குத் தைரியம் சொல்லுங்கள்.

சிறைக்குள் அடிப்பது எந்த விதியிலும் தண்டனை கிடையாது. வெள்ளைக்காரன் போட்ட 1894ஆம் வருஷச் சட்டத்தில் கசையடி இருந்தது உண்மை. நான் சேர்ந்த காலத்தில் லத்தியை நீட்டினால்தான் பிளாக் அடங்கும் என்று நம்பிய பழைய ஆட்கள் இருந்ததும் உண்மை. ஆனால் நான் வேலைக்கு வருவதற்கு முன்பே காற்று மாறத் தொடங்கியிருந்தது. திகார் சிறையில் ஒரு வார்டர் இன்னொரு கைதியைக் கொடுமை செய்ததைப் பற்றி சுனில் பத்ரா என்ற கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 1979 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிறைக்குள் போனாலும் மனிதனுக்கு உரிமை போய்விடுவதில்லை, தனிமைச் சிறை மாதிரியான கடுமையான தண்டனைகளை நீதிபதியின் பார்வைக்குக் கொண்டுபோகாமல் கொடுக்கக் கூடாது என்று அதில் சொன்னார்கள். பயிற்சி வகுப்பில் அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எங்களில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

காரணம் இருக்கிறது. அஸ்தம்பட்டியில் இருக்கும் நம் சேலம் மத்திய சிறை 1862இல் ஏற்பட்டது. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி அந்தச் சுவருக்குள் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மலபாரிலிருந்து வந்தவர்கள். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரன் நான். குறையை எழுதிக் கொடுக்க ஒரு வழி இல்லாத இடத்தில் கட்டுப்பாடு என்ற பேரில் எதுவும் நடக்கலாம் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே புரிந்திருந்தது.

சிறைக்குள் போனவர் கையில் ஒரு அட்டை வரும். ஹிஸ்டரி டிக்கெட் என்போம். வீட்டார் யாரும் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. வழக்கு எண், தண்டனை, எந்தத் தேதியில் உள்ளே வந்தார், என்ன வேலை, என்ன வியாதி, என்ன தவறு செய்தார், அதற்கு என்ன தண்டனை, எத்தனை நாள் தண்டனைக் கழிவு, எப்போது லீவில் போய் எப்போது திரும்பினார் என்று எல்லாம் அதில் ஏறும். பழுத்துப்போய், மூலை மடங்கி, எண்ணெய்க் கறை படிந்த டிக்கெட்டுகளை ஆயிரக்கணக்கில் புரட்டியிருக்கிறேன். சூப்பிரண்டு மாறுவார், ஜெயிலர் மாறுவார், ஆட்சி மாறும். டிக்கெட் மாறாது. பத்து வருஷம் கழித்து ஒருவர் விடுதலைக்குத் தகுதியானவரா என்று சென்னையில் ஒரு கமிட்டி உட்கார்ந்து பார்க்கும்போது, அவர்கள் முன்னால் போகிற தாளெல்லாம் இந்த டிக்கெட்டிலிருந்து எழுதப்பட்டதுதான். ஆகவே மனுப் பார்க்கப் போகும்போது, "சாப்பிட்டியா" என்று கேட்டதும் அடுத்ததாக, "டிக்கெட்ல ஏதாச்சும் எழுதினாங்களா?" என்று கேளுங்கள்.

மனு என்றால் உங்களுக்கே தெரியும், நேர்காணல். நான் சேர்ந்தபோது மனு அறை என்பது ஒரு நீள ஹால். இந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி, அந்தப் பக்கம் இன்னொரு வலை. இருபது முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் விளங்காது. ஒரு கைத்தறிக்காரப் பையன், அவனைப் பார்க்க வந்த அம்மாவுக்குக் காது மந்தம். கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, வலதுகையால் நாடா எறிவதுபோல் இழுத்துக் காட்டினான். தறி ஓடுதா என்று கேட்கிறான். அந்த அம்மா இல்லை என்று தலையை ஆட்டி, கையை விரித்து, பாவு தீர்ந்துபோச்சு என்று காட்டினார். அவன் வலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அன்று மாலை லாக்கப் எண்ணிக்கையின்போது அவன் சோறு வாங்கவில்லை.

மனு முடிந்த மாலையில்தான் பிளாக்கில் சண்டை அதிகம். அனுபவமுள்ள தலைமை வார்டர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். கடன்காரன் வந்து கதவைத் தட்டியது, மச்சினன் பேசிய பேச்சு, பொண்டாட்டி தாய்வீட்டுக்குப் போனது, எல்லாவற்றையும் பத்து நிமிஷத்தில் கொட்டிவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். அவனுக்கு அடுத்த மனு வரைக்கும் அதைப் பேச ஆள் இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவன் காலை மிதித்தால் கைகலப்பு. கைகலப்பு டிக்கெட்டில் ஏறும். மறைக்கச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை, அதற்கு நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது மனு அறை மாறிவிட்டது. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இன்டர்காமில் பேசுகிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மனுவை நிறுத்தியபோது வீடியோ காலில் குடும்பத்தைக் காட்டினோம். அறுபது வயதுக் கைதி ஒருவர் பேரனைப் போன் திரையில் முதல் முறையாகப் பார்த்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் நின்றதை மறக்க முடியாது. அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. கைதி தன் வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்தால், அதைச் சரிபார்த்துப் பேச அனுமதிப்பார்கள். எண்ணை மாற்றினால் உடனே அவருக்குத் தெரியப்படுத்துங்கள். சிம்மை மாற்றிவிட்டு, "அவரு போனே பண்றதில்லீங்க" என்று வந்து நின்ற குடும்பங்கள் உண்டு.

விசாரணைக் கைதியை அடிக்கடி பார்க்கலாம், தண்டனைக் கைதியைப் பார்க்க இடைவெளி அதிகம். மூன்று பேருக்கு மேல் கூட்டமாகப் போகாதீர்கள். அடையாள அட்டை இல்லாமல் போகவே போகாதீர்கள். பொருள் விஷயத்தில் மட்டும் கை நீளவே கூடாது. ஒரு பையனின் நண்பன், புதுச் செருப்பின் அடிப்பாகத்தைப் பிளந்து கஞ்சாப் பொட்டலம் வைத்து ஒட்டி, அதை அவன் அப்பா கையில் கொடுத்து அனுப்பினான். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்கேனருக்கு முந்தைய காலம், கையால் அழுத்திப் பார்த்தே எங்கள் காவலர் கண்டுபிடித்துவிட்டார். அப்பா மேல் வழக்கு. சிறைச் சட்டம் 42ஆவது பிரிவின்படி தடை செய்த பொருளை உள்ளே கடத்துவதற்கே ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. கஞ்சாவுக்குத் தனிச் சட்டம் வேறு. மகனுக்கு மனு கட். யார் எதைக் கொடுத்தாலும் "நானே வாங்கிட்டுப் போறேன், நீ குடுக்காதே" என்று சொல்லிவிடுங்கள். கைதியின் கணக்கில் பணம் கட்டினால் அவரே உள்ளே கேன்டீனில் வாங்கிக்கொள்வார். கட்டியதும் ரசீது வாங்குங்கள். யார் கையிலும் பணம் கொடுக்காதீர்கள்.

விசாரணைக் கைதிகள் வாழ்க்கையில் நான் கண்ட பெரிய மாற்றம் வாய்தாவில்தான். அந்தக் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வேனில் ஏற்றி, ஆயுதப்படைப் போலீஸ் காவலோடு கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள். கோர்ட் தாழ்வாரம்தான் அவர்களுக்கு வீடு. பெண்டாட்டி பிள்ளைகள் அங்கே காத்திருப்பார்கள். நல்ல போலீஸ்காரர் என்றால் ஒரு வாய் சோறு ஊட்ட விடுவார். வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று பல வாய்தாக்கள் தவறிப்போகும். இப்போது வீடியோவில் வாய்தா. கேமரா முன்னால் நின்று பேர் சொன்னதும் அடுத்த தேதி. காவல் பிரச்சினை தீர்ந்தது, அலைச்சல் குறைந்தது. ஆனால் வழக்கு எங்கே நிற்கிறது என்பது கைதிக்கும் தெரிவதில்லை, வீட்டுக்கும் தெரிவதில்லை. குற்றப்பத்திரிகை 60 நாளிலோ, பெரிய குற்றமானால் 90 நாளிலோ தாக்கலாகாவிட்டால் பிணையில் வர உரிமை உண்டு. அந்தத் தேதியை எண்ணிக்கொண்டிருக்க வெளியில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

இன்னொரு தேதியும் எண்ணுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணைக்கு வழி உண்டு. மற்றவர்களுக்குப் பாதிக் காலம். தூக்கு, ஆயுள் கிடைக்கக்கூடிய வழக்குகளுக்கு இது பொருந்தாது, பல வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. இதற்காகக் கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. எழுதினாரா என்று எழுதிக் கேட்பதில் தப்பே இல்லை.

தண்டனைக் கைதி விஷயத்துக்கு வருகிறேன். அங்கே முக்கியமானது லீவு. பரோல் என்று நீங்கள் சொல்வது. 1982ஆம் வருஷ விதிகளில் அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு. தாய் தகப்பன், பெண்டாட்டி பிள்ளை, கூடப் பிறந்தவர் சாவு, கடுமையான நோய், வீட்டுக் கல்யாணம் இவற்றுக்கு அவசர விடுப்பு. ஒரு வருஷத்தில் 15 நாளுக்கு மேல் கிடையாது. சாதாரண விடுப்பு மூன்று வருஷம் உள்ளே கழித்த பிறகுதான். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், போலீஸும் அறிக்கை தரும். லீவு மனு தள்ளுபடியானதில் பெரும்பாலானவை வீட்டாரால் தள்ளுபடியானவை என்பது என் கணிப்பு. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அலுவலர் விசாரிக்க வரும்போது வீடு பூட்டியிருக்கும். பத்திரிகை அச்சானதும் முதல் பிரதி சிறைக்கு வர வேண்டும். குலசாமிக்கு இரண்டாவது பிரதி போதும்.

திரும்பி வருவதில்தான் பலர் கெட்டுப்போகிறார்கள். மகள் கல்யாணத்துக்குப் போன ஒருவர். ஆறு வருஷம் டிக்கெட்டில் ஒரு கீறல் இல்லாதவர். கடைசி நாள், "மறுவீட்டுக்கு மாப்பிள்ளை வர்றாரு, ஒரு நாள்ல என்ன ஆயிரும்" என்று சொந்தக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மறுநாள் மாலை வந்து கேட்டில் நின்றார். உள்ளே விட்டதும் விசாரணை. சேர்த்த கழிவில் நாள்கள் போயின, அடுத்த லீவும் போனது. பிடித்து வைத்துக்கொண்ட சித்தப்பா அப்புறம் ஒரு நாள்கூட மனுப் பார்க்க வரவில்லை. லீவில் வந்தவரைக் கடைசி நாள் மதியத்துக்குள் சிறை வாசலில் கொண்டுவந்து விடுவது குடும்பத்தின் வேலை.

கழிவு என்பது நல்ல நடத்தைக்கும் செய்த வேலைக்கும் மாதாமாதம் சேர்ந்து தண்டனையைக் குறைக்கிற நாள்கள். தவறு செய்தால் எச்சரிக்கை, மனு நிறுத்தம், கேன்டீன் நிறுத்தம், கழிவு பறிப்பு என்று படிப்படியாக ஏறும். எதைச் செய்தாலும் கைதியை விசாரித்து, அவர் சொல்வதை எழுதி, பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் செய்ய வேண்டும். காரணம் சொல்லாமல் மனு மறுத்தால், தண்டனையா என்று எழுதிக் கேளுங்கள். தண்டனை என்றால் உத்தரவு இருக்கும். உத்தரவு இல்லையென்றால் மனுப் பார்க்க விட்டாக வேண்டும்.

"ஆயுள்னா பதினாலு வருஷந்தானுங்களே?" என்று கேட்காதவர் இல்லை. ஆயுள் என்றால் ஆயுள்தான். தூக்கும் கிடைக்கக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 வருஷத்துக்கு முன் கழிவு காட்டி விடக் கூடாது என்பதுதான் சட்டம். 14 ஆனதும் கதவு தானாகத் திறக்காது. அரசு மனசு வைத்துத் தண்டனையைக் குறைக்க வேண்டும். 2008இல் அண்ணா நூற்றாண்டுக்காக 1,405 ஆயுள் கைதிகளை ஒரேயடியாக விட்டார்கள். அந்த நாள்களில் நாங்கள் ராப்பகலாக டிக்கெட்டுகளைப் புரட்டிப் பட்டியல் போட்டோம். பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்திருந்த இரண்டு பேரில் ஒருவர் பெயர் பட்டியலில் இருந்தது, மற்றவர் பெயர் இல்லை. லீவில் போய்த் தலைமறைவாகிப் பிடிபட்ட பழைய வரி ஒன்று அவர் டிக்கெட்டில் இருந்தது. இன்றும் செப்டம்பர் பிறந்தால் குடும்பங்கள் எதிர்பார்ப்போடு வாசலுக்கு வருகின்றன. பட்டியலில் பெயர் வர வேண்டுமானால் நடத்தையும், "வந்தால் நாங்கள் வைத்துக்கொள்கிறோம்" என்று நீங்கள் நன்னடத்தை அலுவலரிடம் சொல்லும் வார்த்தையும் வேண்டும்.

எனக்கு மிகவும் வலித்தது அபராதம் கட்டாமல் உள்ளே கிடந்தவர்களைப் பார்த்தபோதுதான். தண்டனை முடிந்திருக்கும். அபராதம் சில ஆயிரம் பாக்கி. அதற்குப் பதில் மாதக்கணக்கில் கூடுதல் சிறை. வீட்டில் யாருக்கும் அபராதம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. தீர்ப்பு நகலைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரைக்கும், விசாரணைக் கைதிகளின் பிணைத்தொகைக்கு 40,000 ரூபாய் வரைக்கும் உதவி என்று அப்போது வைத்தார்கள். பிணை உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஏழு நாளாகியும் வெளியே வராதவர்களைப் பற்றிச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்று அதே வருஷம் ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது.

சாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில சிறைகளில் சாதி பார்த்துப் பிளாக் ஒதுக்கியதும், இன்ன சாதிக்காரன் கூட்ட வேண்டும், இன்ன சாதிக்காரன் சமைக்க வேண்டும் என்று வைத்ததும் இந்த நாட்டில் நடந்தன. "சண்டை வராம இருக்கத்தான்" என்று அதிகாரிகள் காரணம் சொல்வார்கள். நானும் அந்தக் காரணத்தைக் காதால் கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் ஏற்றதில்லை. 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த வழக்கங்கள் அத்தனையும் செல்லாது என்று அடித்தது. உங்கள் பையனுக்கு அப்படி வேலை ஒதுக்கினால் பயப்படாமல் புகார் கொடுங்கள்.

கடைசியாக, வக்கீல் வைக்க வசதி இல்லை என்று சொல்லி யாரும் சும்மா இருக்க வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எதுவானாலும், இலவச வக்கீல் கேட்க 1987ஆம் வருஷச் சட்டம் உரிமை தருகிறது. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் போதும், காசு இல்லை. எந்த மனுவைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் தேதியும் சீலும் போட்டுத் திரும்ப வாங்குங்கள். நேரில் வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.